உடுமலையில் ஒரு படிப்புக் கணக்கு

உடுமலைப்பேட்டைக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா? பழனிக்குப் போகும்போது பஸ் ஜன்னல் வழியாகவாவது பார்த்திருப்பீர்கள். ஆனி மாதத்தில் அங்கே இறங்கினால் ஒரு கையில் பை, மறு கையில் சேலைத் தலைப்பு என்றுதான் நடக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அப்படி! அதையும் வீணாக்காமல் ஊரைச் சுற்றிக் காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள். தெற்கே திருமூர்த்தி மலை. மற்றபடி எங்கே திரும்பினாலும் தென்னந்தோப்பும் நூற்பாலையும்தான்.

நான் போனது மலை பார்க்க அல்ல. அக்காள் மகள் பிளஸ் டூ முடித்திருந்தாள். வியாபார நிர்வாகம் படிக்க ஆசை. எங்கே படிப்பது என்று வீட்டில் ஒரு வாரமாகப் பஞ்சாயத்து.

ஊரிலேயே அரசு கலைக் கல்லூரி உண்டு. பெண்களுக்கென்று விசாலாட்சி கல்லூரியும் உண்டு. காலையில் போய் மாலையில் வீடு திரும்பலாம். ஆனால் பெண்ணின் மனம், படிக்கும்போதே கம்பெனியில் வேலையும் பார்க்கிற பட்டப்படிப்பில் இருந்தது.

"படிக்கப் போறியா, வேலைக்குப் போறியா கண்ணு?" என்றார் அக்காளின் மாமியார்.

இது ஒன்றும் புது யோசனை அல்ல. அமெரிக்காவில் சின்சினாட்டி சர்வகலாசாலையில் 1906-ம் ஆண்டிலேயே தொடங்கியது. கனடாவின் வாட்டர்லூவில் 1957 முதல் நடக்கிறது. அங்கே நாலு மாதம் வகுப்பு, நாலு மாதம் சம்பளத்துக்கு வேலை என்று மாறி மாறி வரும். அவ்வளவு தூரம் ஏன்? கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியிலேயே, தொழிற்சாலைப் பயிற்சியை நடுவில் வைத்து, 'சாண்ட்விச்' என்ற பொறியியல் படிப்பு உண்டு. மற்றவர்களுக்கு நாலு வருஷமென்றால் இவர்களுக்கு ஐந்து. (சாண்ட்விச் என்றதும் மாமியார், "ரொட்டி சுடவா அஞ்சு வருஷம்?" என்று கேட்டது தனிக் கதை.)

வியாபாரப் படிப்புக்கும் இப்போது வழி இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2025-ம் ஆண்டு விதிகளின்படி, மூன்று வருஷப் பட்டப்படிப்பில் ஒன்று முதல் மூன்று செமஸ்டர் வரை பயிற்சிப் பணியாக இருக்கலாம். அது பட்டத்துக்கான கணக்கில் சேரும்; உதவித்தொகையும் உண்டு.

கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? இங்கேதான் சகோதரிகளே, சற்று உஷாராக இருக்க வேண்டும். விளம்பரத் தாளில் எல்லாக் கல்லூரியும் 'தொழிற் பயிற்சி உண்டு' என்றுதான் அச்சடிக்கிறது. ஒரு கல்லூரிக்கு நானே போன் செய்து, "வேலைக்கு இடம் பார்த்துக் கொடுப்பது யார்?" என்று கேட்டேன். "அதை மாணவிகளே பார்த்துக்கொள்வார்கள்" என்று பதில் வந்தது. பதினெட்டு வயதுப் பெண் எந்த மில் வாசலில் போய் நிற்பாள்? அந்தத் தாளை அப்போதே மடித்து அலமாரியில் விரித்துவிட்டேன்.

இன்னொரு கல்லூரியில் நிறுவனத்தோடு எழுத்து மூலமான ஒப்பந்தம் இருந்தது. உதவித்தொகை எவ்வளவு, மார்க் எவ்வளவு என்று பளிச்சென்று சொன்னார்கள். ஆனால் வேலை திருப்பூரில். பஸ்ஸில் ஒன்றரை மணிக்குக் குறையாது. விடுதியில் தங்கினால் உதவித்தொகை விடுதிக்கே சரியாய்ப் போய்விடும். பணத்தை மட்டும் பார்த்தால் உள்ளூர்ப் படிப்புதான் லாபம் என்று நானும் சொன்னேன்.

"சித்தி, அப்பாவோட தேங்காய்க் கணக்கை ஒன்பதாவதிலிருந்து நான்தான் எழுதறேன். இந்த ஊர்க் கணக்கு எனக்குத் தெரியும். கப்பலில் போகிற பனியனுக்கு எப்படிப் பில் போடறாங்கன்னு தெரியாது. அதைத்தான் கத்துக்கணும்" என்றாள்.

எனக்கு வாயடைத்துப்போயிற்று. இந்த ஊரில் 1984-ல் சிறிதாகத் தொடங்கிய கோழி வியாபாரம்தான் இன்று நாடறிந்த சுகுணா நிறுவனம். அந்தக் காற்று இவளுக்கும் அடித்திருக்கிறது போலும்!

அவள் அப்பா வெகுநேரம் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார். கடைசியில், "வேலைக்குப் போற ஆறு மாசமும் ராத்திரி எத்தனை மணி பஸ்ஸுக்கு வருவே அம்மிணி?" என்று கேட்டார்.

அவள் எழுந்துபோய்த் தேங்காய்க் கணக்கு நோட்டை எடுத்து வந்தாள். கடைசிப் பக்கத்தில், திருப்பூரிலிருந்து உடுமலை வரும் பஸ்களின் நேரமெல்லாம் வரிசையாக எழுதியிருந்தது.