மேலூர்ச் சாலையின் மஞ்சள் காய்கள்

மதுரைக்கு வருவோர் மஹாலையும் மாசி வீதிகளையும் கண்டு திரும்பிவிடுகின்றனர். அடுத்த முறை அரை நாள் ஒதுக்கி, மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் செல்லும் பேருந்தில் ஏறுங்கள். 2004 முதல் உயர்நீதிமன்றக் கிளை இயங்கிவரும் உலகனேரி, தன் பெயரில் ஏரியைச் சுமந்து நிற்கிறது. அதைக் கடந்து, ஒத்தக்கடையில் யானைமலையைப் பார்த்தபடியே சென்று நரசிங்கம்பட்டிப் பக்கம் இறங்குங்கள். ஏதேனும் ஒரு கண்மாய்க் கரையில் நடங்கள். ஆனால் தரையைப் பார்த்து நடங்கள்.

தரிசிலும் கரையோரத்திலும் நிலத்தோடு ஒட்டிப் படர்ந்து, தண்டிலும் இலையின் இருபுறமும் மஞ்சள் முட்களை நிமிர்த்தி வைத்திருக்கும் செடியே கண்டங்கத்திரி. பூ ஊதா நிறம். நடுவே மஞ்சள் மகரந்தம். காய் கோலிக்குண்டு அளவு. பச்சையில் வெண்கோடுகள் ஓடியிருக்கும். பழுத்தால் பொன் மஞ்சள். குழந்தைகளின் கண்ணைப் பறிக்க அந்த நிறமே போதும்.

கண்டகம் என்றால் முள். பெயர் அதிலிருந்து வந்தது. கண்டமாகிய தொண்டையைக் காப்பதால் வந்தது என்று கூறுவோரும் உளர். விளக்கம் சுவையானதுதான், பொருத்தமும் இல்லாமலில்லை. கோழை, இருமல், இளைப்பு ஆகியவற்றிற்குச் சித்த மருத்துவர் நாடும் மூலிகை இது. யூனானி ஹகீம்களும் இதனை அறிவர். மதுரைத் தமிழாசிரியர் மாக்காயனாரின் மாணாக்கராகக் கருதப்படும் காரியாசான், தம் நீதிநூலுக்குச் சிறுபஞ்சமூலம் என்று பெயரிட்டார். அந்த ஐந்து வேர்களுள் கண்டங்கத்திரி வேரும் ஒன்று. நாம் செருப்புக் காலால் ஒதுக்கும் செடிக்கு எத்தகைய இடம் தந்திருக்கிறார்கள், பாருங்கள்!

இது வெறும் பாட்டி வைத்தியமா? 1999இல் வெளியான ஓர் ஆய்வில், ஆஸ்துமா நோயாளிகளுக்கு இச்செடியின் பொடி 300 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தனர். மூச்சு விடுவது எளிதாயிற்று. எனினும் சால்புட்டமால் மாத்திரையின் அளவுக்குப் பலன் இல்லை. இரண்டையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். மூச்சுத் திணறும் பிள்ளைக்குக் கஷாயம் காய்ச்சிக்கொண்டு நேரம் கடத்தலாகாது.

பல்வலிக்கு இதன் விதையைத் தணலிலிட்டுப் புகை பிடிக்கும் வழக்கம் ஊர்தோறும் உண்டு. புகை பட்டதும் பல்லிலிருந்து புழு உதிர்ந்ததாகச் சிலர் காட்டவும் செய்வர். பல்லில் புழு கிடையாது. சொத்தைக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். புகையால் வலி சற்று அடங்கலாம், சொத்தை அடங்காது.

இனி, இல்லத்தரசிகள் கவனிக்க வேண்டிய செய்தி. தூதுவளையும் இதே குடும்பம், அதே ஊதாப் பூ, அதற்கும் முள். துவையலுக்கென்று கரையோரம் கீரை பறிப்போர் குழம்புவது இங்கேதான். தூதுவளை கொடியாக வேலியில் ஏறும், பழம் சிவக்கும். கண்டங்கத்திரி ஏறாது, தரையில் கிடக்கும், பழம் மஞ்சளாகும். அந்தக் காயிலும் பழத்திலும் உள்ள நச்சுப் பொருள்கள் வாந்தி, வயிற்றுப்போக்கு, மயக்கம் வரை கொண்டுபோகக்கூடும். அந்த நஞ்சோடு தொடர்புடைய சொலசோடின் என்ற பொருளிலிருந்தே ஸ்டீராய்டு மருந்துகள் செய்ய முடியும் என்பது வேறு கதை. அது ஆலையின் வேலை, அடுப்படியின் வேலையன்று. மருந்து வேண்டுவோர் பக்குவம் செய்த லேகியத்தையோ சூரணத்தையோ மருத்துவர் சொல்லும் அளவில் வாங்கிக்கொள்ளட்டும்.

அருகிலுள்ள அரிட்டாபட்டி, 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 193 ஹெக்டேர். அப்பகுதியை உள்ளடக்கி விடப்பட்ட டங்ஸ்டன் சுரங்க ஏலமும், மக்கள் திரண்டு எதிர்த்ததால் 2025 ஜனவரியில் ரத்தாயிற்று. குன்றுகளுக்குக் குரல் கொடுக்க ஊர் திரண்டது. புறம்போக்கிலும் தரிசிலும் வாழும் முள்செடிக்கு யார் திரள்வார்? அந்தத் தரிசுகளிலேயே இன்று மனைக்கற்கள் ஊன்றப்படுகின்றன. செடியைப் பெயர் சொல்லி அறிந்த ஆடு மேய்ப்போர் விலகுகின்றனர். பெயரறியாத நாம் குடியேறுகிறோம். செடியோ மதிலோரம் மீண்டும் முளைக்கிறது.

ஆதலால் புது மனைக்குக் குடிபோகும் பெற்றோரே, பிள்ளைகளை அழைத்துச் சென்று அந்த மஞ்சள் காயைக் காட்டிப் பெயரைச் சொல்லிக் கொடுங்கள். தப்பித் தவறி வாயில் போட்டுவிட்டால், வீட்டில் உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். மீந்த காயையும் மறவாமல் கையில் எடுத்துச் செல்லுங்கள்.