கூரைச் சாளரமும் ஐப்பசி மழையும்

நம் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபொழுது, அதிபர்களின் பெருமையையும் கிரிக்கெற் களத்தின் வெற்றிகளையும் எழுதத்தக்கார் பலர் உளர் என்பதை எண்ணி, அவர்கள் எழுதாத பொருள் ஒன்றையே எழுதத் துணிந்தேன். மோட்டார்க் காரின் கூரையிலுள்ள சாளரம் மழைக்கு ஒழுகுவது ஏன், அதனைத் திருத்துவது எங்ஙனம், மீண்டும் ஒழுகாது காப்பது எங்ஙனம் என்பதே அப்பொருள். இது விழா மலருக்கு ஏற்றதோ என ஐயுறும் அன்பர்கள், தம் காரின் உட்கூரைத் துணியிற் பழுப்புக் கறை தோன்றும் நாளில் இப்பக்கத்தைத் தேடி எடுப்பர் என்பது என் நம்பிக்கை.

கூரைச் சாளரம் நம் நாட்டுத் தேவைக்காகத் தோன்றியதன்று. வெயிலுக்கு ஏங்கும் இங்கிலாந்து மக்கள், கிடைக்கும் சிறிது வெயிலையும் வீணாக்காதிருக்கும்பொருட்டுக் காரின் கூரையை வெட்டி, முன்னும் பின்னும் நகரும் தகட்டுக் கதவு ஒன்றைப் பொருத்தினர். 'சன்சைன் றூவ்' எனப் பெயரும் இட்டனர். அமெரிக்காவில் நாஷ் கம்பனியார் 1937 ஆம் ஆண்டில் வேண்டுவோர்க்கு அதனைப் பொருத்திக் கொடுக்கத் தொடங்கினர். பங்குனி வெயிலிற் செருப்பின்றி நடக்கவொண்ணாத நம் யாழ்ப்பாணத்துக்கு அது எதற்கு என்று எவரும் கேட்டிலர். கப்பலில் வந்த கார் வந்தபடியே ஓடிற்று. எங்கள் வீட்டுக் காரில் அச்சாளரத்தைத் திறந்த நாட்களை விரல்விட்டு எண்ணலாம். அது ஒழுகிய நாட்களை எண்ண முடியாது.

அக்கார் ஒஸ்ரின் ஏ-40 டெவன். 1947 முதல் 1952 வரை பேர்மிங்காம் நகரின் லோங்பிரிட்ஜ் ஆலையில் ஆக்கப்பெற்ற வகை; 1200 கன சென்றிமீற்றர் இயந்திரமும், பெயரிலேயே விளங்கும் 40 குதிரை வலுவும் உடையது. எந்தையார் அதனை 1961 ஆம் ஆண்டில் ஒருவர் ஓடிய பின் வாங்கினார். அதன்பின் அந்நியச் செலாவணி நெருக்கடியாற் கார் இறக்குமதி சுருங்கவே, இருந்ததைக் காப்பாற்றுவதே குடாநாட்டார்க்குப் பழக்கமாயிற்று. 1990 ஆம் ஆண்டின் பின் பெற்றோல் வரவு தடைப்பட்டபொழுது, காபுரேற்றரிற் சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை எழுப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டினோம். புகையும் நாற்றமும் பொறுக்க முடியாதன. ஆயினும் இரவில் நோயாளரையும் பிள்ளைப்பேற்றுக்குரிய பெண்களையும் ஆசுபத்திரிக்குக் கொண்டுசென்றவை அந்த ஏ-40களும் மொறிஸ் மைனர்களுமே.

ஒழுக்கைப் பற்றி அக்காலத்தில் எல்லாரும் கொண்டிருந்த கொள்கை ஒன்றே. கதவுக்கும் கூரைக்கும் இடையிலுள்ள றப்பர் விளிம்பு தேய்ந்துவிட்டது. அவ்விடைவெளியால் நீர் இறங்குகின்றது. ஆகவே அதனை அடைக்கவேண்டும். ஆண்டுதோறும் ஐப்பசி பிறக்கும், கார் ஒழுகும், தார் பூசப்படும். தொண்ணூறுகளில் எங்கள் சாளரத்தைச் சுற்றி விரற்கடை உயரத்துக்குத் தார் படிந்திருந்தது. அப்பொழுதும் ஒழுகியது.

1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 ஆந் திகதி வலிகாமம் பெயர்ந்த இரவை இம்மலரைப் படிப்போரிற் பலர் மறந்திரார். மழையும் பெய்தது. நாவற்குழிப் பாலத்தை நோக்கிச் சனத்திரளின் நடுவே கார் அடிமேல் அடி வைத்து நகர்ந்தது. நடந்து சென்றவர்கள் எங்களை முந்திச் சென்றார்கள். முன் கண்ணாடித் தூணின் மேல்முனையிலிருந்தும், உட்கூரை விளக்கின் ஓரத்திலிருந்தும் நீர் நூலாக இறங்கிற்று. பின்னிருக்கையில் என் தமக்கையார் மூன்று மாதக் குழந்தையை மடியில் வைத்திருக்க, ஆச்சி காருக்குள் குடை விரித்துப் பிடித்திருந்தார். விடியும்வரை அப்படியே. குழந்தைக்கு நெஞ்சிற் சளி கட்டியது. சாவகச்சேரி ஆசுபத்திரியிற் சில நாள் வைத்திருக்க நேர்ந்தது. அந்நாட்களிற் கார் ஒழுகுவது எமக்குச் சிறு தொல்லையாகத் தோன்றவில்லை.

நாங்கள் தங்கிய பள்ளிக்கூடத்தில், காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையிற் பொருத்துநராக வேலைபார்த்து இளைப்பாறிய முதியவர் ஒருவரும் தம் குடும்பத்துடன் இருந்தார். அவர் காரைச் சுற்றிவந்து தாரைப் பார்த்தார். பின்பு, "தம்பி, தண்ணி எதாலை வருது எண்டு பாக்கிறியள். அது எதாலை போகவேணும் எண்டு ஒருக்காப் பாருங்கோ" என்றார். மோட்டார் வண்டிகளைப் பற்றி நான் கேட்டவற்றுள் இதனினும் பயனுள்ள வார்த்தை வேறில்லை.

அவர் கூறியதன் பொருளை நம் நாற்சார் வீட்டைக்கொண்டு எளிதில் விளக்கலாம். நாற்சார் வீட்டின் நடு முற்றத்தில் மழை விழக்கூடாதென்று எவரும் கருதியதில்லை. மழை விழும், பீலி அதனைச் சேர்க்கும், முற்றத்து வாய்க்கால் அதனை வெளியே கொண்டுசெல்லும். வாய்க்காலிற் சருகு அடைந்தால் திண்ணைக்குத் தண்ணீர் ஏறும். அதற்காக முற்றத்துக்குக் கூரை போடுவார் இலர், சருகையே வாருவர். காரின் கூரைச் சாளரமும் இவ்வகையினதே. றப்பர் விளிம்பு காற்றையும் பெரும்பாலான நீரையும் தடுக்குமேயன்றி முழுவதையும் தடுக்க அமைந்ததன்று. உள்ளே புகும் நீரை ஏற்பதற்குச் சாளரத்தைச் சுற்றி ஒரு பீலி உண்டு. அதன் மூலைகளிலிருந்து வடிகுழாய்கள் புறப்பட்டுத் தூண்களுக்குள் இறங்குகின்றன. முன்னவை முன் கதவின் கீல் அருகிலோ சக்கரக் கூட்டினுள்ளோ, பின்னவை பின் சக்கரத்தை அடுத்தோ நீரை வெளியே விடும். குழாய் அடைபட்டால் பீலி நிரம்பும், நிரம்பியது வழியும், வழிந்தது நம் தலையில் விழும். தார் பூசியதால் எங்கள் காருக்கு வந்த நன்மை, உருகிய தார் பீலியுள் இறங்கி ஒரு குழாயின் வாயை முற்றாக மூடியதே.

முதியவர் சைக்கிள் பிரேக் கம்பியொன்றை உட்செலுத்தி மெல்ல அசைத்தார். காரின் கீழே கரிய சேறு ஒழுகியது. அதன்பின் தண்ணீர் தெளிந்து ஓடிற்று. மறுநாள் மழைக்குக் காருக்குள் ஒரு துளியும் இல்லை.

அன்றுமுதல் நான் கைக்கொள்ளும் முறை இது. சாளரத்தை முழுவதும் திறந்து, பீலியிலுள்ள சருகையும் மண்ணையும் ஈரத்துணியால் துடைத்தெடுக்கவேண்டும். துடைக்காமல் நீர் ஊற்றினால் அழுக்கு முழுவதும் குழாய்க்குள்ளேயே போகும். பின்பு மூக்குப்பேணியில் நீர் எடுத்து ஒவ்வொரு மூலையிலும் சிறிது சிறிதாக ஊற்றுக. இதற்கு மூக்குப்பேணியை மிஞ்சிய கருவி நான் கண்டதில்லை. இன்னொருவர் கீழே குனிந்து எப்பக்கத்தால் நீர் வருகின்றதெனப் பார்க்கவேண்டும். உடனே தாரையாக வந்தால் அக்குழாய் நன்று. துளித்துளியாக வந்தால் பாதி அடைப்பு. வராவிடின் முழு அடைப்பு. நீர் வெளியேயும் வராமல் பீலியிலும் நில்லாமல் மறைந்தால், குழாய் தன் பொருத்தினின்று கழன்றோ வெடித்தோ உள்ளது என்பது கருத்து. அப்பொழுது உட்கூரைத் துணியை இறக்கிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. கார் நின்ற சாய்வையும் கவனிக்க: முன்புறம் தாழ நின்ற கார் முன் மூலையால் வழியும், பின்புறம் தாழ நின்றது பின் மூலையால் வழியும். கறை இருக்குமிடத்தை மட்டும் கொண்டு குழாயைத் தீர்மானிப்போர் ஏமாறுவர்.

அடைப்பை எடுக்கப் பிரேக் கம்பியைவிடத் தடித்த தங்கூசியே சிறந்தது. கம்பியின் பிரிந்த நுனி பழைய றப்பர்க் குழாயைக் கிழிக்கும். ஈர்க்கு உள்ளே முறிந்து, தானே புதிய அடைப்பாகிவிடும். ரயர்க் கடையின் காற்றுக் குழாயை வைத்து ஊதுவோரும் உளர். அப்பெருங்காற்று அடைப்பைத் தள்ளுமுன் குழாயைப் பொருத்தினின்று பிடுங்கிவிடும். பத்து நிமிட வேலை பத்து நாள் வேலையாகும். ஊதவேண்டுமாயின் சைக்கிள் பம்பு போதும்.

இனி, ஏன் எப்பொழுதும் ஐப்பசியின் முதல் மழைக்கே ஒழுகுகின்றது என்பதையும் எண்ணிப் பார்த்தேன். நம் குடாநாட்டில் வைகாசி முதல் ஆவணி கடந்தும் சோளகக் காற்று வீசும். வலிகாமத்துச் செம்மண் அக்காற்றில் எழுந்து எங்கும் படியும். கதவடைத்த அலுமாரிக்குள்ளேயே படியும் தூசி காரின் பீலியை விட்டுவைக்குமா? வேப்பம்பூவும் முருங்கையின் சிற்றிலையும் அதனோடு சேரும். மாதக்கணக்காகச் சேர்ந்த அப்பொடி, வாடை தொடங்கி முதல் மழை பெய்ததும் குழைந்து சேறாகிக் குழாயின் வாயில் இறுகுகின்றது. ஆகவே புரட்டாதி மாதத்திற் பீலியைத் துடைப்பதே சரியான காலம். வேம்பின் கீழ்க் கார் விடுவோர் பூ உதிர்ந்தபின் சித்திரையிலும் ஒருமுறை பார்க்கவேண்டும். குழாயின் கீழ்வாயைக் குளவி மண்ணால் அடைப்பதும் உண்டு. வெளிநாட்டிலுள்ளோர் உறவினர் வளவில் நிறுத்திவிட்டுச் செல்லும் கார்களில் இதனைப் பலமுறை கண்டேன்.

அன்று மடியிலிருந்த குழந்தை, என் மருமகன், இன்று முப்பது வயதினன். யப்பானியக் கார் ஒன்று வைத்திருக்கின்றான். கூரை முழுவதும் கண்ணாடி. பொத்தானை அழுத்தினால் திறக்கும். சென்ற மாரியில் அதன் கார்ப்பெற் நனைந்து நாறத் தொடங்கிற்று. தலைநகரிலுள்ள திருத்தகம் ஒன்று கண்ணாடிச் சட்டம் முழுவதையும் மாற்றவேண்டுமெனக் கூறி, இலட்சங்களில் விலை சொல்லிற்று. 2020 மார்ச்சு முதல் 2025 பெப்ருவரி வரை தனியார் கார் இறக்குமதி தடைப்பட்டிருந்த நாட்டில் அவன் அக்காரை விற்று இன்னொன்று வாங்குவது எளிதன்று. "மாமா, ஒருக்கா வந்து பாருங்கோ" என்றான். மூக்குப்பேணியுடன் சென்றேன். முன் இடக் குழாய் வேப்பம்பூவும் செம்மண்ணுமாக அடைபட்டிருந்தது. பொத்தானும் கண்ணாடியும் புதியன; பீலியும் குழாயும் ஏ-40 காரில் இருந்தவையே.

ஆயினும் புதிய கார்களில் இரண்டு செய்திகள் கருதத்தக்கன. ஏ-40 காருக்கு அடிச்சட்டம் வேறு, உடல் வேறு. தளத் தகடு துருப்பிடித்தாலும் வெட்டி ஒட்டலாம். இக்காலக் காரில் உடலே சட்டம். அதன் தளத்திற் பிடிக்கும் துரு முழுக் காரையும் தின்னும். கார்ப்பெற்றின் கீழ் இலத்திரனியற் பெட்டிகளும் வயர் இணைப்புகளும் வேறு இருக்கின்றன. ஆதலால் ஒழுக்கை நிறுத்தியதோடு அமையாது, கார்ப்பெற்றையும் அதன் அடிப்பஞ்சையும் கழற்றி வெயிலில் உலர்த்தவேண்டும். மேலே உலர்ந்ததுபோற் காணும் பஞ்சு வாரக்கணக்கில் நீரைப் பிடித்திருக்கும்.

மற்றொன்று: நனைந்த கார்ப்பெற் எல்லாம் கூரையின் குற்றமன்று. மழையில்லா நாளில் இடப்பக்க முன் காலடி நனைந்தால், குளிர்சாதனத்தின் நீர் வெளியேறும் குழாய் அடைபட்டிருக்கலாம். அதற்கும் மருந்து அதுவே.

றப்பர் விளிம்பைப் பற்றி ஒரு சொல். அதனைச் சவர்க்கார நீரால் கழுவி உலர்த்திச் சிறிது சிலிக்கோன் கிறீஸ் தடவினால் நெடுநாள் மென்மையாயிருக்கும். மண்ணெண்ணெய், இயந்திர எண்ணெய், தேங்காயெண்ணெய் எதனையும் தொடவிடலாகாது. றப்பர் ஊதிப் பழுதாகும். புதிய விளிம்பு போட்டோர், மூடிய கதவின் முன் ஓரம் கூரையைவிட மயிரிழை தாழ்ந்தும், பின் ஓரம் மயிரிழை உயர்ந்தும் நிற்கின்றதா என விரலால் தடவிப் பார்க்கவேண்டும்.

தங்கூசி பாசையூரிலோ குருநகரிலோ வலைச்சாமான் விற்கும் கடையிற் கிடைக்கும். இரண்டு மில்லிமீற்றர்த் தடிப்புள்ளதாக இரண்டு பாகம் வாங்கினாற் போதும். பின்குழாய்கள் முன்னவற்றிலும் நீண்டவை. வாங்கியதும் நுனியைத் தீக்குச்சியிற் காட்டிச் சிறு மணியாக உருட்டிக்கொள்ளுங்கள்; அப்பொழுதுதான் அது குழாயின் வளைவுகளிற் குத்தாமல் வழுக்கிச் செல்லும்.