மகள் கேட்ட ஹார்டுவேர்

காரைக்குடியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஹார்டுவேர் கடை நடத்தி வருகிறேன். ஹார்டுவேர் என்றால் எங்கள் ஊரில் ஆணி, தாழ்ப்பாள், பி.வி.சி. குழாய், தண்ணீர் மோட்டார் என்றுதான் பொருள். ஆகவே, சென்ற ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு மறுநாள், பிளஸ் டூ செல்லவிருந்த என் மகள் எதிரே வந்து நின்று, "அத்தா, எனக்கு நல்ல ஹார்டுவேர் வேண்டும்" என்றபோது நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. ஒரு தாளை நீட்டினாள். பிராசஸர், ரேம், கிராபிக்ஸ் கார்டு என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் கேள்விக்குறி போட்டிருந்தாள்.

விமானியாக வேண்டும் என்பது அவளுடைய எண்ணம். அதற்கு முன்னோட்டமாக, ஃபிளைட் சிமுலேட்டர் என்னும் மென்பொருளைக் கணிப்பொறியில் ஏற்றி, வீட்டிலேயே விமானம் ஓட்டிப் பழக வேண்டுமாம். சமையற்கட்டிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது: "ஏறுவது இருக்கட்டும், இறங்க வழி இருக்கிறதா என்று கேளுங்கள்." நியாயமான கேள்விதான். வணிக விமானி உரிமத்துக்கான பயிற்சிக்கு ஐம்பது லட்ச ரூபாயை ஒட்டியும் அதற்கு மேலும் செலவாகிறது. குழாயும் மோட்டாரும் விற்று அந்தத் தொகையை எந்தக் காலத்தில் சேர்ப்பது?

இந்த ஆசை நம் வீட்டுப் பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது என்று உறவினர் பலரும் கேட்டனர். காரைக்குடிக்கும் ஆகாயத்துக்கும் உள்ள உறவு புதியதன்று. வள்ளல் அழகப்பச் செட்டியார் லண்டனை அடுத்த குராய்டனில் விமானம் ஓட்டக் கற்றவர். பின்னாளில் ஜூபிடர் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனத்தையே நடத்தியவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று செட்டிநாட்டில் கைவிடப்பட்டுக் கிடக்கிறது. ஆனால் என் மகளின் மேசைக்கு மேல் ஒட்டியிருந்தது வேறொருவரின் படம். ஹைதராபாத்தில் பேக்கரித் தொழிலாளி ஒருவரின் மகளாகப் பிறந்து, விமானி உரிமம் பெற்ற சையிதா சல்வா ஃபாத்திமாவின் பத்திரிகைப் படம் அது. அதைப் பார்த்த பிறகு, 'நம்மால் ஆகாது' என்ற சொல் என் வாயிலிருந்து வரவில்லை.

ஷார்ஜாவில் பணிபுரியும் என் மைத்துனர் அப்போது விடுமுறையில் வந்திருந்தார். "மச்சான், பிள்ளை கேட்டுவிட்டது. பாதி என் பொறுப்பு" என்றார். மறுபாதிக்கு, மழைக்கு ஒழுகும் பின்கட்டைப் பழுது பார்ப்பதற்காகக் கட்டி வந்த சீட்டை எடுத்தேன். இருவருமாகப் பெருநகரம் ஒன்றுக்குச் சென்றோம். அங்கே கடைக்காரர் என் மகளின் தாளைப் பார்க்கவேயில்லை. உள்ளே ஏழு வண்ண விளக்குகள் சுழலும் கண்ணாடிப் பெட்டி ஒன்றைக் காட்டி, "இந்தக் கிராபிக்ஸ் கார்டு இருந்தால் எந்த விளையாட்டும் ஓடும்" என்றார். உடன் ஒரு பெரிய 4கே திரையும் எடுத்து வைத்தார். மைத்துனருக்குப் பரம திருப்தி. ஒன்றேகால் லட்சம் எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தோம். விமானம் ஓட்டுவதற்கு ஜாய்ஸ்டிக் என்று ஒரு பிடி வேண்டுமே என்று எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை!

கடலுக்கு மேல் பறந்தபோது படம் வழுவழுவென்று ஓடியது. திருச்சி விமான நிலையத்தை நெருங்கி, வீடுகளும் சாலைகளும் கண்ணில் படத் தொடங்கியதும் திக்கத் தொடங்கியது. ஓடுதளத்தைத் தொட வேண்டிய நேரத்தில் படம் அரை விநாடி நின்றுவிடும். மீண்டும் அசையும்போது விமானம் தரையில் மோதியிருக்கும். பத்து நாள்கள் இப்படியே சென்றன. குறை தன் கையில்தான் என்று எண்ணி அவள் அழுதாள். அதுதான் என்னை வாட்டியது.

பக்கத்து வீட்டில் குடியிருக்கும் பொறியியல் மாணவர் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் மென்பொருளுக்குள் ஏதோ ஒரு கதவைத் திறந்து ஒரு சிறு பலகையை வரவழைத்தார். விநாடிக்கு 14 படங்கள் என்று அது காட்டியது. அதன் கீழே 'மெயின் த்ரெட்டால் தடைபடுகிறது' என்று பொருள்படும் ஆங்கில வரி ஒன்று. பிறகு திரையின் நுணுக்கத்தை 4கே அளவிலிருந்து சாதாரண 1080 அளவுக்குக் குறைத்தார். 4கே திரையில் ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள். 1080-இல் 21 லட்சத்துக்குச் சற்றே குறைவு. கார்டின் வேலை நான்கில் ஒரு பங்காகக் குறைந்தும் பலகை 14 என்றே காட்டியது. "மாமா, படம் வரைகிற ஆள் சும்மா உட்கார்ந்திருக்கிறார். கணக்குப் போடுகிற ஆளுக்குத்தான் மூச்சு வாங்குகிறது" என்றார்.

அவர் சொன்னது இதுதான். காற்று இறக்கையை எப்படித் தாங்குகிறது, கருவிகள் எதைக் காட்ட வேண்டும், வானிலை எப்படி, சுற்றிலும் எத்தனை விமானங்கள் என்பவற்றையெல்லாம் நொடிக்கு நொடி கணக்கிடுவது பிராசஸர். அந்தக் கணக்கில் பெரும்பகுதி ஒரே வரிசையில், ஒன்றன்பின் ஒன்றாக நடக்க வேண்டியது. ஆகவே பிராசஸருக்குள் எத்தனை மூளைகள் என்பதைவிட, அவற்றுள் ஒரு மூளை எவ்வளவு வேகம் என்பதே இங்கு முக்கியம். எங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததோ பழைய அலுவலகக் கணிப்பொறி ஒன்றின் பிராசஸர். ரேமும் ஒரே துண்டாக 8 ஜி.பி.; இரண்டு துண்டுகளாக இருந்தால் இரு வழியாகப் போக்குவரத்து நடக்கும்.

நான் வெட்கிப் போனேன். என் கடைக்கு வந்து, "இரண்டு எச்.பி. மோட்டார் கொடுங்கள்" என்று கேட்கும் எவருக்கும் நான் உடனே எடுத்துக் கொடுத்ததில்லை. போர் எத்தனை அடி? தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது? தொட்டி எந்த மாடியில்? குழாய் எத்தனை அங்குலம்? இவ்வளவும் கேட்ட பிறகே மோட்டாரைத் தொடுவேன். ஓர் அங்குலக் குழாயில் ஐந்து எச்.பி. மோட்டாரைப் பூட்டினால் கரண்டுதான் வீண். இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பிறரிடம் கேட்டு வந்ததை என் மகளிடம் நான் கேட்கவில்லை. 'நீ இதில் என்ன செய்யப் போகிறாய்?' என்று.

அன்றிரவு கேட்டேன். "மேகமும் மலையும் அழகாகத் தெரிய வேண்டியதில்லை, அத்தா. கருவிகளின் எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும். இறங்கும்போது திக்கக் கூடாது. விநாடிக்கு 30 படம் போதும்" என்றாள். காரைக்குடியை மேலிருந்து அழகாகப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டவன் நான்தான் போலும்.

கடைக்காரர் கார்டைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்தார். வேறிடத்தில் நட்டத்துக்கு விற்று, நடுத்தரமான ஒன்றை வாங்கினோம். மிஞ்சிய பணத்துடன் கையிலிருந்து பதினோராயிரம் சேர்த்து, புதிய பிராசஸரும் மதர்போர்டும், 16 ஜி.பி. வீதம் இரண்டு ரேம் துண்டுகளும், ஒரு எஸ்.எஸ்.டி.யும் வந்து சேர்ந்தன. இத்தகைய மென்பொருளுக்கென்றே சிலாகிக்கப்படும் பிராசஸர் வகை ஒன்று உண்டு. 2022-இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி அதில் முதலாவது. கணக்குகளைப் பக்கத்திலேயே அடுக்கி வைக்கும் இடம் சாதாரண 5800எக்ஸ் பிராசஸரில் 32 எம்.பி. என்றால், இதில் 96 எம்.பி. அந்த வகை எங்கள் கைக்கு எட்டவில்லை. பெரிய திரை அப்படியே இருக்கிறது. அதில் 1080 அளவில்தான் ஓட்டுகிறாள். இடமும் வலமும் திருகினால் வால் சுக்கானும் அசையும் ஜாய்ஸ்டிக் ஒன்றும் வாங்கினோம். மொத்தத்தில் மிகக் குறைந்த விலைப் பொருள் அதுதான். அவளுக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்ததும் அதுதான்.

என் தொழிலிலேயே நான் செய்த பிழையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கடையிலிருந்து 600 வி.ஏ. யு.பி.எஸ். ஒன்றை எடுத்து வந்து மாட்டினேன். 600 என்று மேலே எழுதியிருந்தாலும் அத்தகையது தாங்குவது பெரும்பாலும் 360 வாட்தான். அவள் பறக்கத் தொடங்கிய ஐந்தாவது நிமிடம் அது கத்த ஆரம்பித்தது. என் மனைவி சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும்.

இதே எண்ணத்தில் உள்ள பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒன்று. மென்பொருள் மாறும்போது தேவையும் மாறுகிறது. 2020-இல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டருக்குக் குறைந்த அளவாக 8 ஜி.பி. ரேம் சொன்னார்கள், 2024 நவம்பரில் வந்ததற்குக் குறைந்தது 16, விரும்பத்தக்கது 32. முன்னது 150 ஜி.பி. இடம் கேட்டது. பின்னது 50 போதும் என்கிறது. ஆனால் நிலக்காட்சியைப் பறக்கப் பறக்க இணையத்திலிருந்து இறக்கிக்கொள்வதால், மாதத்துக்கு இவ்வளவுதான் என்று வரம்புள்ள இணைப்பு வைத்திருப்பவர்கள் இருபதாம் தேதியே தவிப்பார்கள். கையில் காசில்லாதவர்களுக்கு ஃபிளைட்கியர் என்றொரு மென்பொருள் முற்றிலும் இலவசம்; எளிய கணிப்பொறியிலும் ஓடும். சீட்டை எடுப்பதற்கு முன் ஒரு மாதம் அதில் பழக விட்டிருக்கலாம்.

எல்லாவற்றையும் பொருத்தி முடித்த பின்பே அந்த மாணவர் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வீட்டுக் கணிப்பொறியில் ஆயிரம் மணி நேரம் ஓட்டினாலும் அதில் ஒரு நிமிடமும் சேராது. அதைவிட முக்கியம், சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் வகுப்பு மருத்துவப் பரிசோதனை. பார்வை, செவி, இதயம் மட்டுமல்லாமல், நிறங்களைப் பிரித்தறிகிறாளா என்றும் பார்ப்பார்கள். "இதை முதலில் செய்திருக்கலாம், மாமா."

என் மகள் எட்டாம் வகுப்பிலிருந்து கண்ணாடி அணிகிறாள். கண்ணாடி தடையில்லை என்கிறார்கள். நிறம்? ஓடுதளத்தின் ஓரத்தில் நான்கு விளக்குகள் வரிசையாக இருக்கும். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு தெரிந்தால் சரியான சரிவில் இறங்குகிறோம். நான்கும் சிவப்பானால் ஆபத்தான தாழ்வு. இப்போதெல்லாம் அவள் மதுரையிலோ திருச்சியிலோ இறங்கும்போது நான் பின்னால் நின்றுகொண்டு, ஒன்றுமறியாதவன் போல, "என்ன நிறம்மா?" என்று கேட்கிறேன். "இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு, அத்தா" என்று சலிப்புடன் சொல்கிறாள். இது பரிசோதனையாகாது என்பது எனக்கும் தெரியும்.

அடுத்த வாரம் சென்னையில் மருத்துவரைப் பார்க்க நாள் வாங்கியிருக்கிறேன். பல்லவன் எக்ஸ்பிரஸில் இரண்டு இருக்கைகள் பதிவு செய்த சீட்டை மேசைமேல் வைத்தேன். என் மனைவி எடுத்துப் படித்தாள்.

"ஏன் இரண்டு?" என்றாள்.