வீடே கல்லூரி

கல்லூரி என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவன யாவை? உயர்ந்த நுழைவாயில், நீண்ட வகுப்பறைகள், நிழல் தரும் மரங்கள், நூலகம், விடுதி, மணியோசை ஆகியன அல்லவா? ஆனால், அச்சொல்லுக்குள் கட்டடம் எதுவும் இல்லை. 'கல்' என்னும் வேர்ச்சொல்லுக்குக் கற்றல் என்பதே பொருள். கற்கும் இடம் எதுவோ, அதுவே கல்லூரி. சீவக சிந்தாமணியிலேயே இடம்பெற்றுள்ள இப்பழஞ்சொல்லின் முழுப்பொருளை நான் உணர்ந்தது மும்பையின் தாராவிப் பகுதியில், பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள எங்கள் வீட்டில்தான்.

என் தாத்தா திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காக இங்கு வந்து குடியேறியவர். அப்பா மிதிவண்டியில் இட்லி விற்பவர். மாலையில் மாவு அரைப்பதும், விடியுமுன் நான்கு மணிக்கு அடுப்பு மூட்டுவதும் அம்மாவின் அன்றாடப் பணி. நான் ஏழாம் வகுப்புவரை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியிலும், அதன்பின் ஆங்கிலவழிப் பள்ளியிலும் பயின்றேன். பன்னிரண்டாம் வகுப்பை முடித்தபோது, வெளியூர் விடுதியில் தங்கிப் படிப்பதற்கு வீட்டில் வசதி இல்லை. துணிக்கடை ஒன்றில் கணக்கு எழுதும் வேலை எனக்காகக் காத்திருந்தது. "ஓராண்டு படித்துப் பாரம்மா. கைகூடவில்லையென்றால் வேலைக்குப் போகலாம்" என்றார் அப்பா. அந்த ஓராண்டே எனக்குக் கிடைத்த தவணை.

சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2020ஆம் ஆண்டில் தரவு அறிவியலில் இணையவழிப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. இதில் சேர்வதற்குக் கூட்டு நுழைவுத்தேர்வில் வென்றிருக்க வேண்டும் என்பதில்லை. நான்கு வாரப் பாடங்களைக் கற்றுத் தகுதித்தேர்வில் தேறினால் போதும். குடும்ப வருமானத்தைக் கருதிக் கட்டணச் சலுகையும் உண்டு. பாடங்கள் காணொலிகளாக வரும்; வாரந்தோறும் ஒப்படைப்புகளை முடித்து அனுப்ப வேண்டும்; தேர்வுகளை மட்டும் உரிய மையத்திற்கு நேரில் சென்று எழுத வேண்டும். 2023ஆம் ஆண்டில் நான் தகுதித்தேர்வில் தேறி, இப்படிப்பில் சேர்ந்தேன்.

படிப்பின் கடினத்தைவிட, அது பிறர் கண்ணுக்குப் படிப்பாகத் தோன்றாமையே முதல் இடராக வந்தது. சீருடை இல்லை, பை இல்லை, பேருந்து இல்லை. "வீட்டில்தானே இருக்கிறாய், ரேஷன் கடைவரை போய்வாயேன்" என்று பக்கத்து வீட்டு அத்தை கேட்பார். அவர்மீது குறையில்லை. வீட்டில் இருப்பவள் ஓய்வாக இருப்பவள் என்பது ஊரார் கணக்கு. அப்போதுதான் ஓர் உண்மை எனக்குப் புலப்பட்டது. கல்லூரி வளாகம் தன் மாணவர்க்குக் கேளாமலே மூன்று பொருள்களைத் தருகிறது: நேரம், இடம், துணை. வீட்டிலிருந்து படிப்போர் அம்மூன்றையும் தாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

முதலாவது நேரம். அப்பா காலை ஆறு மணிக்கு இட்லிப் பாத்திரத்துடன் புறப்படுவார். அதன்பின் அம்மா சற்றுக் கண்ணயர்வார். தம்பி பள்ளிக்குச் சென்றுவிடுவான். ஆறு முதல் ஒன்பது வரை எங்கள் வீட்டில் அமைதி நிலவும். அதுவே என் வகுப்பு நேரமாயிற்று. கால அட்டவணை ஒன்றைத் தயாரித்து, அடுப்புக்கு எதிர்ச்சுவரில் ஒட்டினேன். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆதலால் அதைத் தமிழில் எழுதினேன். 'மாலை 7 முதல் 8 வரை: ஆசிரியருடன் நேரலை வகுப்பு' என்னும் வரியை அம்மா எழுத்துக் கூட்டிப் படித்தார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் முதல், ஏழு மணிக்கு ஓடும் கிரைண்டர் ஐந்து மணிக்கே ஓடத் தொடங்கியது.

ஒப்படைப்புகளுக்கும் ஒரு நெறி வகுத்துக்கொண்டேன். ஞாயிறு இரவு கடைசிக் கெடு என்றால், வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிடுவேன். ஒரு மழைக்கால ஞாயிறன்று எங்கள் தெருவில் மின்சாரமும் இணையமும் இரவு முழுவதும் இல்லை. நான் கவலையின்றி உறங்கினேன்.

இரண்டாவது இடம். எங்கள் வீட்டின் மேற்பகுதியில் பொருள்கள் வைக்கும் மச்சு ஒன்று உண்டு. அதில் நிமிர்ந்து நிற்க இயலாது, அமர்ந்து படிக்கலாம். பழைய பலகையொன்றை மேசையாக்கி, மடிக்கணினியை அதன்மேல் வைத்தேன். அங்கு ஏறினால் படிப்பு, இறங்கினால் வீட்டுவேலை. உறங்குவதற்கோ திறன்பேசியில் படம் பார்ப்பதற்கோ அங்கு ஏறுவதில்லை என்று உறுதி பூண்டேன். மே மாத வெப்பத்தில் மச்சு கொதிக்கும்போது, மராத்தியில் 'அப்யாசிகா' எனப்படும் படிப்பகத்திற்குச் செல்வேன். போட்டித்தேர்வுகளுக்குப் பயில்வோர் பலர் அங்கு ஓசையின்றி அமர்ந்திருப்பர். அந்த அமைதி என்னையும் படிக்கச் செய்யும்.

மூன்றாவது துணை. இணையவழியில் கற்போர்க்குத் தனிமையே பெரும்பகை. ஐயம் தோன்றும்போது திரும்பிக் கேட்பதற்குப் பக்கத்து இருக்கையில் ஒருவரும் இல்லை. ஆகவே, அசாமிலிருந்து ஒருவர், இராஜஸ்தானிலிருந்து ஒருவர், கோவையிலிருந்து ஒருவர் என உடன்பயில்வோர் நால்வர் சேர்ந்து, இரவு ஒன்பது மணிக்கு அரைமணி நேரம் இணையத்தில் கூடினோம். ஒவ்வொரு நாளும் ஒருவர் தாம் கற்றதை மற்றவர்க்கு விளக்க வேண்டும். விளக்க முடியாத இடமே விளங்காத இடம் என்பதை அங்குக் கண்டுகொண்டோம்.

எனக்கு மற்றொரு துணையும் இருந்தது, அது தமிழ். ஆங்கிலக் காணொலியை இடையிடையே நிறுத்தி, ஒவ்வொரு கருத்தையும் என் குறிப்பேட்டில் தமிழில் எழுதினேன். சார்பு, மாறி, நிகழ்தகவு, திட்டவிலக்கம் முதலிய சொற்கள் பொருளைத் தம் முகத்திலேயே காட்டின. ஒருநாள் அப்பாவின் கணக்குக் குறிப்பேட்டை எடுத்தேன். கோடையில் ஐந்து நாள் விற்ற இட்லிகள் 300, 310, 290, 305, 295. மழைக்காலத்தில் ஐந்து நாள் விற்றவை 300, 380, 220, 350, 250. இரண்டிற்கும் சராசரி 300தான். ஆனால், திட்டவிலக்கமோ முன்னதில் ஏறத்தாழ 7. பின்னதில் ஏறத்தாழ 60. சராசரியை மட்டும் நம்பி மழைக்காலத்தில் நாள்தோறும் முந்நூறு அவித்தால், ஒருநாள் மீந்து வீணாகும். மற்றொரு நாள் வாங்க வந்தவர் வெறுங்கையுடன் திரும்புவார். இதைச் சொன்னபோது அப்பா சிரித்தார். "இது எனக்கு முன்பே தெரியும். ஆனால், இதற்கு ஒரு பெயர் இருப்பது இன்றுதான் தெரிந்தது" என்றார். அன்றுமுதல் மச்சில் நடப்பது படிப்புதானா என்னும் ஐயம் எங்கள் வீட்டில் எழவில்லை. பக்கத்து வீட்டு அத்தையிடம், "அவள் வகுப்பில் இருக்கிறாள், பிறகு வருவாள்" என்று அம்மாவே கூறத் தொடங்கினார்.

தேர்வு நாளன்று புறநகர் மின்தொடர்வண்டியில் மையத்திற்குச் சென்றேன். அரங்கில் வேலைக்குச் செல்வோர், கைக்குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு வந்தவர், நரைத்த தலையர் எனப் பலர் அமர்ந்திருந்தனர். ஒவ்வொருவரும் தத்தம் வீட்டின் ஒரு மூலையைக் கல்லூரியாக்கியவர் என்று எண்ணியபோது அச்சம் அகன்றது. அடிப்படை நிலையின் எட்டுப் பாடங்களையும் மூன்று பருவங்களில் முடித்தேன். அப்பா தந்த ஓராண்டுத் தவணையும் அப்போது முடிந்தது. துணிக்கடைக்காரரிடம் அப்பாவே சென்று, "என் மகள் வரமாட்டாள், படிக்கிறாள்" என்று சொல்லிவிட்டு வந்தார். இப்போது பட்டயநிலைப் பாடங்களைப் பயின்று வருகிறேன்.

மாணவச் செல்வங்களே! உங்கள் பெற்றோரும் பிழைப்புக்காகப் பிறந்த ஊரை விட்டு வந்தவர்களாக இருக்கலாம். நாளை நீங்கள் விரும்பும் கல்லூரி உங்களுக்கு எட்டாத தொலைவில் இருக்கலாம். அதன் வகுப்பு மட்டும் உங்கள் வீட்டிற்கு வரலாம். அப்போது நல்ல கணினியும் இணைய இணைப்பும் தேவைதான். ஆனால், அவை மட்டும் போதா. உங்களுக்கென ஒரு நேரத்தை வகுத்துக்கொள்ளுங்கள். சிறிதாயினும் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். சேர்ந்து கற்கும் துணையைத் தேடிக்கொள்ளுங்கள். நீங்கள் கற்பதை வீட்டாருக்கு அவர்கள் மொழியில் எடுத்துச் சொல்லுங்கள். புரிந்துகொண்ட வீடு தன் வேலைகளைச் சற்று நகர்த்தி, உங்கள் படிப்புக்கு வழிவிடும்.