நீரால் அளக்கும் தூரம்

மேற்கு அவுஸ்திரேலியாவில், பலடோனியாவுக்குக் கிழக்கே தொடங்கிக் கைகூனா வரை செல்லும் ஐயர் நெடுஞ்சாலையின் ஒரு பகுதி, 146.6 கிலோமீற்றர் தூரத்துக்கு ஒரு வளைவுமின்றிக் கிடக்கிறது. மோட்டார் வண்டியிற் செல்பவனுக்கு அது ஒன்றரை மணி நேர அலுப்பு. துவிச்சக்கர வண்டியில் தனியே செல்பவனுக்கோ அது நெடியதொரு நாள். எதிர்க்காற்று வாய்த்துவிட்டால் இரண்டு நாள். இடையிற் கடையில்லை.

கோடையில் அவ்வழியே செல்லத் துணிந்தவன் விடியுமுன்னரே எழுந்து கூடாரத்தைச் சுருட்டுவான். முதல் வேலை நீரை எண்ணுவது. பத்து லீற்றர் நீர் பத்துக் கிலோ. சுமைக்கு அஞ்சி மாற்றுச் சட்டையைக்கூட விட்டுவருபவன் நீரில் மட்டும் கைவைக்கமாட்டான். சில தரிப்பிடங்களில் மழைநீர்த் தொட்டிகள் உண்டெனினும், அவற்றில் நீர் இருக்குமென நம்பிப் புறப்படுபவன் புத்திசாலியல்லன்.

இப்பிரதேசத்துக்கு வழங்கும் 'நல்லாபர்' என்னும் பெயர், மரமற்றது எனப் பொருள்படும் இலத்தீன் சொற்களிலிருந்து பிறந்தது. ஆனால் இந்நேர்வீதியின் இருமருங்கிலும் யூக்கலிப்டஸ் மரங்கள் நிற்கின்றன, நிழல்தான் இல்லை. அவற்றின் இலைகள் வெயிலுக்கு முகங்காட்டாது செங்குத்தாகத் தொங்குவதால், ஒளி தடையின்றி நிலத்தில் விழுகிறது. நிலமோ சுண்ணக்கல். பெய்யும் மழையை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும் அந்நிலத்தில் ஆறென்ற ஒன்று இல்லை.

பத்து மணிக்குள் ஈக்கள் கண்ணையும் வாயையும் மொய்க்கத் தொடங்கும். வெப்பம் நாற்பது பாகையைத் தாண்டும்போது ஒரு விந்தை நிகழ்கிறது: ஓடும் வண்டியின் காற்று வியர்வையைக் கணத்தில் உலர்த்திவிடுவதால், தனக்கு வியர்க்கவில்லையென்றே அவன் எண்ணுவான். சட்டையிற் படியும் உப்புக்கோடுகளே உண்மையைச் சொல்லும். போத்தல் நீர் தேயிலை போடாத தேநீராகிவிடும், ஆயினும் குடித்தேயாகவேண்டும்.

நண்பகலில் ஒரு புதரடியில் ஒடுங்கிக் கிடக்கையிற் கணக்கு மீண்டும் எழும். நீரிற் பாதிக்குமேல் தீர்ந்துவிட்டது. வழியிற் பாதி தீரவில்லை. திரும்பிச் செல்வதும் முன்னே செல்வதும் ஏறக்குறைய ஒரே தூரம். வெறும் போத்தலை உயர்த்திக் காட்டினால் அவ்வழியாற் செல்லும் ஏதோவொரு வாகனம் பெரும்பாலும் நிற்கும். அவ்வாறு கைநீட்டினால் தன் பயணம் தனிப்பயணமாகாதே என்ற கூச்சம் அவனைத் தடுக்கும். உயிரோடு விளையாடும் கூச்சம் அது.

உண்மையில் இவ்வழியைத் தனியே கடந்தவர் யார்? 1896இல் கூல்கார்டியிலிருந்து அடிலெயிட் வரை 31 நாட்களில் துவிச்சக்கர வண்டியிற் சென்ற ஆர்தர் றிச்சட்சன் பெரும் சாகசக்காரர்தான். சிறு மூட்டையும் நீர்ப்பையுமே அவர் கொண்டு சென்றவை. ஆனால் அவருக்கு வழிகாட்டியது, பிறர் உழைத்து நாட்டிய தந்திக் கம்பங்களின் வரிசை. வீதிக்குத் தன் பெயரைத் தந்த எட்வேட் ஐயர் 1841இல் உயிர்பிழைத்தது, மணல்மேட்டைத் தோண்டினால் நீர் ஊறுமென ஆதிவாசிகள் காட்டிக்கொடுத்ததனால். இறுதிவரை அவருடன் நடந்த வைலி என்ற ஆதிவாசி இளைஞனின் பெயரை அந்த நெடுஞ்சாலை தாங்கவில்லை. பாறைச் சுனைகளைக் கற்பலகையால் மூடி, வெயில் குடித்துவிடாமற் காத்த மக்களின் நாடு அது. அதை வெறுவெளி என்று எழுதியவர்கள் சுனையின் மூடியைத் திறந்து பார்த்திராதவர்களாயிருக்கவேண்டும்.

பிற்பகலில் நெடிய லொறியொன்று வேகந்தணித்து நிற்கக்கூடும். சாரதி ஒன்றும் கேளாமல் ஒரு குளிர்ந்த போத்தலை நீட்டுவான். பயணி அதை வாங்கிக் குடித்த பின்னரே நன்றி சொல்ல நினைவு வரும். அதற்குள் லொறி புள்ளியாகியிருக்கும்.

மாலை சாயும் வேளையிற் கைகூனாவின் விளக்குத் தெரியும். தெரிந்த பின்னரும் அது கிட்டுவதற்கு நெடுநேரம் செல்லும். நேர்வீதியின் கொடுமை அது. அவ்விடத்துக்கு அப்பாற் கடிகாரத்தை முக்கால் மணி நேரம் முன்னே தள்ளவேண்டுமாம். அதையெல்லாம் அவன் காலையிற் பார்த்துக்கொள்வான். இப்போது அவன் விசாரிப்பது, அடுத்த தரிப்பிடத் தொட்டியில் நீர் உண்டா என்பதையே.