வழவழப்பும் சொரசொரப்பும்: ஒரு குளியலறையைத் தேர்ந்தெடுத்தல்

பெங்களூரில் குளியலறைப் பொருள்களை விற்கும் காட்சியறை ஒன்றினுள் நுழைபவரை முதலில் வரவேற்பது ஒரு சொற்றொகுதி. மேட், கிளாஸி, சாட்டின், பிரஷ்டு நிக்கல், ரோஸ் கோல்டு, ஆன்டிக் பிராஸ், கன் மெட்டல் எனப் பலகைதோறும் பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன. இவற்றுள் ஒரு பாதி, ஒரு பரப்பின்மேல் விழும் ஒளி எவ்வாறு மீள்கிறது என்பதைச் சொல்கிறது. மறுபாதி உலோகத்தின் நிறத்தைச் சொல்கிறது. அனைத்தும் கண்ணை நோக்கியவை. அப்பரப்பின்மேல் ஈரக்கால் பட்டால் எப்படியிருக்கும் என்பதற்கு அங்கே ஏறத்தாழ ஒரே சொல்தான் உண்டு: ஆன்டி-ஸ்கிட். அதுவும் வாடிக்கையாளர் கேட்டால் மட்டுமே விற்பனையாளர் வாயிலிருந்து வருவது.

தமிழின் நிலைமை வேறு. பளபள, மினுமினு எனக் கண்ணுக்குரிய இரட்டைக்கிளவிகள் தமிழில் இருப்பினும், தொடுவுணர்வுக்குரியவை வியப்பூட்டும் அளவுக்கு நுட்பமாகப் பிரிந்து நிற்கின்றன. வழவழ என்பதும் மொழுமொழு என்பதும் ஒன்றல்ல. கொழகொழ என்பதில் ஈரம் உண்டு. பிசுபிசு என்பதில் ஒட்டுதல் உண்டு. நறநற என்பது மணல் காலடியில் படுவது. சொரசொர என்பது கல்லோ பூனையின் நாக்கோ தருவது. இவை பிரிந்து நின்று பொருள் தரா என்பதைத் தொல்காப்பியம் சொல்லதிகாரத்திலேயே குறிக்கிறது. எமனோ 1969ஆம் ஆண்டில் 'லாங்குவேஜ்' இதழில் எழுதிய கட்டுரையில், இவ்வகை இரட்டைச் சொற்களைத் திராவிட மொழிகளும் இந்தோ-ஆரிய மொழிகளும் பகிர்ந்துகொண்ட வட்டாரப் பண்பாகக் காட்டினார். குளியலறைத் தரையைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் இச்சொற்கள் எங்கே போய்விடுகின்றன என்பது கேட்கத்தக்க கேள்வி.

ஜெயநகரில் முப்பதாண்டு பழைமையான வீடொன்று. திருச்சிப் பக்கத்திலிருந்து மணமாகி வந்து ஐம்பதாண்டுகளாகப் பெங்களூரில் வாழும் அம்மையார் ஒருவர் அங்கே இருக்கிறார், வயது 74. சென்ற ஆண்டு குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அதன்பின் அவர் குளிக்கும்போதெல்லாம் யாரேனும் ஒருவர் கதவுக்கு வெளியே நிற்பது வழக்கமாகிவிட்டது. விழுந்த வலியைவிட இந்தக் காவல்தான் அவரை வருத்தியது. ஐந்தடிக்கு ஏழடி அளவுள்ள அந்த அறையை முழுதும் புதுப்பிப்பதென மகன் முடிவு செய்தார். அவர் மனத்தில் இருந்தது ஒரு விடுதி அறை: கறுப்பு நிறக் குழாய்கள், இரண்டடிக்கு நான்கடிப் பளிங்குத் தோற்ற ஓடுகள், கண்ணாடித் தடுப்பு. தாயின் மனத்தில் இருந்தது பூட்டிய கதவு.

காட்சியறையில் விற்பனை இளைஞர் ஓர் ஓட்டை எடுத்துக் காட்டினார். "ஆண்ட்டி, இது மேட் ஃபினிஷ், ஆர் டென். வழுக்கவே வழுக்காது."

"அப்படியா தம்பி? கொஞ்சம் தண்ணி கொண்டு வாங்க. சோப்புத் தண்ணியா இருந்தா இன்னும் நல்லது."

மகன் சங்கடத்துடன், "அம்மா, இங்கெல்லாம் அப்படிப் பண்ண மாட்டாங்க," என்றார். அம்மையார் அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார். கைகழுவும் இடத்திலிருந்து ஒரு கோப்பை நீரும் சில துளி திரவ சோப்பும் வந்தன. தரையில் வைத்த ஓட்டின்மேல் ஒரு காலை ஊன்றி, மகனின் தோளைப் பற்றியபடி மெல்லத் தேய்த்துப் பார்த்தார். "ஜாருத்தெ," என்று கன்னடத்தில் சொன்னார். வழுக்குகிறது என்பது பொருள். அடுத்த ஓட்டுக்கு நகர்ந்தார். இப்படி ஐந்து ஓடுகள்.

பார்ப்பவருக்கு வேடிக்கையாகத் தோன்றக்கூடிய இச்செயல் உண்மையில் ஆய்வுமுறைக்கு நெருக்கமானது. காட்சியறைகளில் மேற்கோள் காட்டப்படும் ஆர் எண்கள், ஆர் 9 முதல் ஆர் 13 வரை, ஜெர்மானியத் தரமுறை ஒன்றிலிருந்து வந்தவை. ஓடு பதித்த சாய்தளத்தில் எண்ணெய் தடவி, அதன்மேல் ஒருவரை நடக்கவைத்து, எந்தக் கோணத்தில் வழுக்குகிறார் என்று அளப்பது அம்முறை. ஆர் 10 என்றால் 10 பாகைக்கு மேல் 19 பாகை வரை. நடப்பவர் அணிந்திருப்பது தொழிற்சாலைக் காலணி! வெறுங்காலுக்கும் சோப்பு நீருக்கும் தனியே வேறொரு சோதனை உண்டு. அதன் வகைகள் ஏ, பி, சி என எழுத்துகளால் குறிக்கப்படுகின்றன. ஏ வகைக்குக் குறைந்தது 12 பாகை, பி வகைக்கு 18, சி வகைக்கு 24. நம் நாட்டுக் குளியலறைக்குள் காலணியுடன் நுழைபவர் அரிது. ஆகவே கேட்கவேண்டிய எழுத்து பி. காட்சியறைகளில் எண் எளிதாகக் கிடைக்கிறது, எழுத்து கிடைப்பதில்லை. தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துச் சீயக்காயுடன் நிற்கும் வெறுங்காலுக்கு இரண்டு சோதனைகளுமே பதில் சொல்வதில்லை என்பது தனிக்கதை.

பெங்களூரின் பழைய வீடுகள் இக்கேள்வியை வேறு விதமாகத் தீர்த்திருந்தன. 1898ஆம் ஆண்டுப் பிளேக் நோய்க்குப் பின் மக்கள் பெருகிக் குடியேறிய பசவனகுடியிலும் மல்லேசுவரத்திலும் கூடத்துக்குச் சிவப்பு ஆக்சைடுத் தரை. தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய, வெறுங்காலால் நடக்க நடக்கப் பொலிவு கூடுகிற தரை. அதே வீட்டின் பச்சலு மனை எனப்படும் குளியலறையிலோ உளியால் கொத்திய கருங்கல் பலகைகள். ஒரு மூலையில் அடுப்பின்மேல் பதித்த செப்பு ஹண்டே. நரக சதுர்த்தசிக்கு முந்தைய மாலையில் அதைப் புளியிட்டு விளக்கி, நீர் நிரப்பிப் பூச்சூட்டும் 'நீரு தும்புவ ஹப்ப' இன்றும் பல வீடுகளில் உண்டு. கூடத்துக்கு வழவழப்பு, குளிக்கும் இடத்துக்குச் சொரசொரப்பு என்ற வேறுபாட்டைக் கொத்தனாரும் வீட்டாரும் விவாதமின்றி அறிந்திருந்தனர். கருங்கல்லில் அழுக்குப் படியும், பாசி பிடிக்கும், தேய்ப்பதற்கு முதுகு வளைய வேண்டும். அப்பழைமையை ஏங்கிப் போற்ற வேண்டியதில்லை.

தரையைப் பற்றிய இன்னொரு சொல்லையும் இங்கே குறிப்பிட வேண்டும். தமிழ்க் கொத்தனார்கள் நீர் வடிவதற்கான சரிவை 'வாட்டம்' என்கின்றனர். ரசமட்டத்தின் குமிழி நடுவில் நின்றால் மட்டம். சற்றே விலகினால் வாட்டம். இரண்டடிக்கு நான்கடி ஓடு இதற்குப் பகை. நீர்போக்கி மூலையில் இருக்கும்போது தரை இரண்டு திசைகளில் சரிய வேண்டும். விறைப்பான பெரிய ஓட்டை அப்படி வளைக்க முடியாது. குறுக்கே வெட்ட வேண்டும், அல்லது நீர் தேங்குவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். சிறிய ஓடுகள் வாட்டத்துக்கு இசைந்து கொடுக்கும். அவற்றின் இடைக்கோடுகள் பாதத்துக்குப் பிடிமானமும் தரும். இடைக்கோடுகள் மிகுந்தால் கறையும் மிகும் என்பது உண்மை. அதற்குச் சிமெண்டுக் கிரவுட்டுக்கு மாற்றாக எப்பாக்ஸி கிரவுட் இருக்கிறது. விலை கூடுதல், நீரை உறிஞ்சாது.

குழாய்களின் மேற்பூச்சுக்கு வந்தால், முடிவெடுப்பது வீட்டாரைவிட நீர்தான். பெங்களூர் வீடு ஒன்றில் மூன்று நீர்கள் இருக்கக்கூடும்: காவேரித் தண்ணீர், போர்த் தண்ணீர், டேங்கர் தண்ணீர். முதலாவது ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, சுமார் 500 மீட்டர் உயரத்துக்கு ஏற்றப்பட்டு வருவது. அதன் முதல் கட்டம் 1974இல் நிறைவேறியது, நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் தரவல்ல ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் தொடங்கிவைக்கப்பட்டது. நீதிமன்றங்களில் டி.எம்.சி. கணக்கில் வழக்காடப்படும் ஆறு, குளியலறையில் வெள்ளைத் திட்டுப் படியாத குழாயாகக் காட்சி தருகிறது. ஆழ்துளைக் கிணற்று நீர் அப்படியன்று. குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்புடைய அளவாகவும், வேறு வழியில்லாத இடத்தில் 600ஐ உச்சமாகவும் வைக்கிறது. அக்கடினத்தன்மை உலரும்போது கால்சியம் கார்பனேட்டாகப் படியும். சூடேறினால் இன்னும் விரைவாகப் படியும். ஆகவே கெய்சரிலும், வெந்நீர் வரும் ஷவரின் துளைகளிலும் முதலில் தெரிகிறது.

கறுப்பு மேட் குழாயில் அப்படிவு சுண்ணாம்பு தெளித்ததுபோல் நிற்கும். குரோமில் அது அதிகம் புலப்படாது, துடைத்தால் போகும். பிரஷ்டு எனப்படும் கீறல் மெருகு கைரேகையையும் நீர்த்துளியையும் ஒருங்கே மறைக்கிறது. ஜெயநகர் வீட்டார் இறுதியில் அதையே எடுத்தனர். 2024 மார்ச்சில் நீர்த் தட்டுப்பாடு உச்சத்திலிருந்தபோது, அடுக்ககங்களும் உணவகங்களும் வணிக வளாகங்களும் குழாய்களில் ஏரேட்டர் பொருத்த வேண்டுமென நகரின் குடிநீர் வாரியம் கட்டாயமாக்கியது. நல்ல ஏற்பாடு. கடின நீர் வரும் வீட்டில் அதன் வலை மாதங்களில் அடைத்துக்கொள்ளும் என்பதால், கையால் திருகிக் கழற்றக்கூடிய வகையைக் கேட்டு வாங்குவது அறிவுடைமை.

படிவை அகற்றுவது யார் என்ற கேள்வியைக் காட்சியறை எழுப்புவதே இல்லை. நகரின் பெரும்பாலான நடுத்தர வீடுகளில் அது வீட்டு வேலைக்கு வரும் பெண். அவர் கையில் கொடுக்கப்படுவது ஆசிட் புட்டி. ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுண்ணப்படிவைக் கரைக்கும். ஒரு மைக்ரானுக்கும் குறைவான கனமுள்ள குரோம் பூச்சையும் அரிக்கும், சிமெண்டுக் கிரவுட்டையும் தின்னும், மூடிய சிறு அறையில் மூச்சையும் அடைக்கும். பளிங்குக்கல் வைத்தவர் நிலைமை இன்னும் இக்கட்டானது: பளிங்கும் அப்படிவும் வேதியியலில் ஒரே பொருள், ஒன்றைக் கரைப்பது மற்றொன்றையும் கரைக்கும். மேற்பூச்சைத் தேர்ந்தெடுக்கும்போதே ஒருவருடைய வாராந்தர உழைப்பும் நுரையீரலும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. அம்மையாரின் தீர்வு எளியது. குளித்து முடித்ததும் பழைய பருத்தித் துணியால் குழாயைத் துடைத்துவிடுவது. உலராத இடத்தில்தான் படிவு உண்டாவதில்லையே.

எஞ்சியது கைப்பிடிக் கம்பி. மகன் தயங்கினார், அது அறைக்கு மருத்துவமனைத் தோற்றம் தரும் என்றார். தாய், "விழுந்தா அங்கதான போகணும்," என்றார். கம்பி முடிவாயிற்று. ஓடு பதிப்பதற்கு முன்பே இடம் குறித்துக்கொள்ள வேண்டிய பொருள் அது. சுவரின் திடமான பகுதியில் ஆழமாக ஊன்றாவிட்டால், உடல் எடை தாங்கும் நொடியில் ஓட்டோடு பெயர்ந்து வரும்.

வரைபடத்தில் அதன் உயரம் குறிக்கப்பட்டிருந்தது. அன்று வேலைக்கு வந்த பிளம்பர் ஒடிசாவின் கேந்திரபாடா மாவட்டத்தவர். இந்திய நகரங்களுக்கெல்லாம் குழாய்த் தொழிலாளரை அனுப்பும் மாவட்டம் அது. அவருக்கு ஒடியாவும் இந்தியும், அம்மையாருக்குத் தமிழும் கன்னடமும். வரைபடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அம்மையார் அதை மடித்து வைத்தார். சிமெண்டு உலராத தரையில் ஒரு பலகையைப் போடச் சொல்லி, அதன்மேல் முக்காலியை வைத்து அமர்ந்தார். பின்னர் எழுவதுபோல் சற்றே முன் சாய்ந்து, முறிந்து கூடிய வலக்கையை நீட்டி, இல்லாத கம்பியை இறுகப் பற்றினார். பிளம்பர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, அந்தக் கை நின்ற இடத்தில் சுவரில் ஒரு கோடு இழுத்தார். வரைபடத்திலிருந்து அது நான்கு விரற்கடை தாழ்ந்திருந்தது.