பாகாலாவில் மொசரெல்லா

சென்னையில் சின்னதாக உணவகம் நடத்தும் நண்பர், இத்தாலிய சீஸ் விலை கட்டுப்படியாகவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தவர், "பாகாலா பக்கம் ஒரு கொட்டகையில் மொசரெல்லா போடுகிறார்கள், பார்த்துவிட்டு வாருங்கள்" என்றார். காட்பாடி–திருப்பதி பாதையில் பாகாலா ஜங்ஷன். 2022 வரை சித்தூர் மாவட்டம், இப்போது திருப்பதி மாவட்டம். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் வரும், பாதியில் தமிழாகிவிடும்.

கொட்டகையில் வேலை ஒரு அக்காவின் கையில். கல்யாணச் சமையலுக்குப் பன்னீர் போட்டுப் பழகியவர். பாலை மிதமாகச் சூடாக்கி, உறை சேர்த்து, பாலைத் திரியவைக்கும் ரென்னட் விட்டு, உறைந்ததை நறுக்குவது வரை மளமளவென்று முடிந்தது. பிறகுதான் விஷயம். நெல்லிக்காய் அளவு கட்டியை ஆவி பறக்கும் வெந்நீரில் முக்கி இழுத்தார். அறுந்துவிட்டது. "புளிப்பு இன்னும் ஏறணும் சார்" என்று அண்டாவை மூடினார். மறுபடி முக்கி இழுத்தபோது முழ நீளத்துக்கு நூலாக வந்தது, பட்டுப்போல மினுமினுப்பு. துணிக் கையுறைக்கு மேல் ரப்பர் கையுறை. அப்படியும் விரல் நுனிகள் சிவந்திருந்தன. இழுத்து, மடித்து, உருட்டி, குளிர்ந்த நீரில் போட்டார். உறைந்த பாலிலிருந்து பிரிந்த தண்ணீரை மறுபடி சூடாக்கினால் மேலே திரள்வது ரிக்கோட்டா.

ஒரு கிலோ மொசரெல்லாவுக்குப் பத்து லிட்டர் பசும்பால் வேண்டும். எருமைப்பாலில் இன்னும் கூடவே கட்டும். இத்தாலியின் கம்பானியாவில் பேர்பெற்ற மொசரெல்லாவே எருமைப்பாலில் செய்வதுதான். குறைந்தது 12 மாதம் பழுக்கவேண்டிய பார்மிஜானோ சீஸ் மலிவாகக் கிடைக்காது, அது நியாயம். அன்றே போட்டு அன்றே விற்கிற மொசரெல்லாவுக்கு ஏன் அந்த விலை?

அக்காவின் வீட்டிலும் இரண்டு மாடு. சித்தூர் கூட்டுறவுப் பால்பண்ணை 2002-ல் மூடிய பிறகு, வாங்குகிறவர் சொன்னதுதான் விலை என்கிறார். கொழுப்பை அளப்பவரும் அவரே, காசு கொடுப்பவரும் அவரே. சீஸிலும் அதே கதை. "நாங்க கொடுக்கிற விலை, கடையில ஒட்டுற விலையில பாதிகூட இல்ல சார்." விடியலில் மாடு கறப்பவருக்கும் வெந்நீரில் கை வேகிறவருக்கும் சேராத பணம், வண்டியில் ஏற்றி இறக்குபவரிடம் தங்குகிறது. இது கொள்ளைதான், வேறு பேர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

சீஸுக்கு மட்டுமல்ல, இத்தாலியச் சமையலின் பச்சிலைக்கும் அலைய வேண்டியதில்லை. ஸ்வீட் பேசில் என்று டப்பாவில் விற்பது நம் திருநீற்றுப்பச்சிலையின் இனமே. அதன் விதைதான் சப்ஜா. மல்லிகையோடு சேர்த்துக் கட்டும் மரு, ஆரிகானோவின் நெருங்கிய உறவு. திருப்பதி பூக்கடைகளிலும் சென்னைப் பூக்கடைகளிலும் சில ரூபாய்க்கு ஒரு கட்டு கிடைக்கும். ஆனால் பூவுக்காக வளர்த்ததில் மருந்து அடித்திருப்பார்கள், அப்படியே சமையலில் போடாதீர்கள். நல்ல தண்டாகப் பார்த்துத் தொட்டியில் ஊன்றுங்கள். புதிதாகத் துளிர்ப்பதைக் கிள்ளிப் போடுங்கள். சீஸை, முடிந்தால், போடுகிறவரிடமே நேராக வாங்குங்கள்.